மூழ்க வேண்டிய துளி

விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தை, கண்ணாடிக் குவளையில் இருந்த நீலத் தண்ணீருக்குள் விட்டார்கள். அது மூழ்க வேண்டும். மூழ்கினால் இரத்தத்தில் போதிய இரும்புச்சத்து இருக்கிறது, கட்டிலில் படுத்து இரத்தம் கொடுக்கலாம். மிதந்தால் வீட்டுக்குப் போகலாம். என்னுடைய துளி கொஞ்ச தூரம் கீழே இறங்கியது. நடுவழியில் நின்றது. பிறகு மெல்லத் திரும்பி மேலே வந்து அங்கேயே இருந்துவிட்டது.

கண்டி வாவிக்கு மேலேயுள்ள ஒரு பன்சலையில், அதாவது பௌத்த விகாரையில், போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாளன்று நடந்த இரத்ததான முகாம் அது. எனக்கு முன்னால் நின்றவள் என் அறைத்தோழி. தெல்தோட்டைக்காரி. நகரத்தில் ஒரு புடவைக்கடையில் வேலை. காலையில் பனிஸ், மத்தியானம் ரோல்ஸ், கையில் காசிருந்தால் இரவில் கொத்துரொட்டி என்று வாழ்பவள். எனக்குத் துணையாக வந்தவள், வந்ததுதான் வந்தோம், நாமும் கொடுப்போமே என்று வரிசையில் நின்றாள். அவளுடைய துளி விட்ட வேகத்தில் கல்லைப்போல அடியில் போய் உட்கார்ந்தது. அவள் கட்டிலில் படுத்திருந்த நேரமெல்லாம் நான் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

எழுந்து வந்தவள், அங்கே கொடுத்த பிஸ்கட் பக்கெட்டைப் பிரித்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

“இந்தா மேடம், தின்னு. ரத்தம் குடுத்தவள விட ரத்தம் இல்லாதவளுக்குத்தான் இது தேவ.”

வாங்கித் தின்றேன்.

நான் பிறந்தபோது அம்மாவுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. ஹேவாஹெட்டப் பக்கத்து எங்கள் தோட்டத்திலிருந்து லொறியில் போட்டு, அந்த வளைவுகளெல்லாம் தாண்டி, கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்களாம். யாரோ எப்போதோ கொடுத்து வைத்திருந்த இரத்தம் அம்மாவுக்குள் ஏறியது. அதனால்தான் எனக்கு அம்மா இருக்கிறார். “யார் குடுத்தாங்கன்னு தெரிஞ்சா அவங்க பேருக்கு ஒரு தேங்காயாச்சும் ஒடச்சிருப்பேன்” என்று ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சொல்வார். எனக்கு அந்த ஆளைத் தேடித் தேங்காய் உடைக்க வழியில்லை. ஆனால் அதே கண்டியில், பெயர் தெரியாத இன்னொருத்திக்கு அந்த இரத்தத்தைத் திருப்பிக் கொடுக்க வழியிருந்தது. கண்டியில் வேலை கிடைத்து, மூன்று மொழியிலும் தட்டச்சு செய்யும் மேசையில் உட்கார்ந்த நாளிலேயே அதை மனதில் முடிந்து வைத்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். எழுதிய பரீட்சை எதிலும் நான் தோற்றதில்லை. இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிர்வது எனக்கே தெரியும். அப்படிப்பட்டவளைத் தோற்கடித்தது கடுகளவு ஒரு துளி.

முகாமில் இருந்த டொக்டர் என் வயதுக்காரி. முகம் கோணாமல், சிங்களத்தில், கீரை, பயறு, நெத்தலி எல்லாம் நன்றாகச் சாப்பிடச் சொன்னார். ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்து மருந்து எடுக்கவும் சொன்னார். இதே மண்டபத்தில் சில மாதங்கள் கழித்து இன்னொரு போயாவுக்கும் முகாம் வைப்பார்கள் என்றார். அந்த நாளை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பன்சலைப் படிகளில் இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன். அந்தப் போயாவுக்குள் என் துளி மூழ்க வேண்டும்.

ஆனால் எதை வைத்து? என் சம்பளத்தில் ஒரு பங்கு தம்பியின் படிப்புக்கு வீட்டுக்குப் போகும். இன்னொரு பங்கு அம்பிட்டிய வீதியில் நாங்கள் இருந்த அறையின் வாடகைக்குப் போகும். மிச்சத்தில்தான் சாப்பாடு, பஸ், சவர்க்காரம் எல்லாம்.

முதலில் செய்தது பெரிய முட்டாள்தனம். ஆரோக்கியம் என்பது குளிரூட்டிய கடையில், தட்டில் அடுக்கி வைத்திருக்கும் பொருள் என்று நினைத்து ஒரு சனிக்கிழமை சுப்பர்மார்க்கட்டுக்குள் நுழைந்தேன். டின்னில் அடைத்த ஓட்ஸ், தவிட்டு நிறப் பாண், அதற்கு மேல் ஒரு பெட்டி கிரீன் டீ. பெட்டியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் பளபளவென்று படம். கொழுந்து பறிக்கிறவரின் மகள், கொழுந்துப் படத்தைக் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறாள் என்று அறைத்தோழி கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள். சம்பள நாளுக்கு இன்னும் கனநாள் இருக்கையில் கையிலிருந்தது முடிந்துபோனது. சம்பலும் பாணுமாக மிச்ச நாட்கள் ஓடின. அந்தப் பெட்டியில் இருந்த உண்மையான வேடிக்கை எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

அடுத்த மாதம் வேறு மாதிரித் தொடங்கினேன். அதைத்தான் எழுத ஆசை, ஏனென்றால் அந்த மாதங்களில் நான் இருந்த உற்சாகத்தில் இதற்கு முன்பு எதற்குமே இருந்ததில்லை.

பஸ்ஸை நிறுத்தினேன். காலையில் அம்பிட்டிய வீதியில் இறங்கி, வாவியைச் சுற்றிக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தேன். அந்த நேரம் வாவிக்கரையில் நடக்கிறவர்கள் வேறு வகையானவர்கள். கையில் அடியை எண்ணும் மணிக்கூடு, காலில் தடித்த சப்பாத்து. நான் றப்பர் செருப்போடு, அலுவலகச் செருப்பை ஒரு பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கு நடுவில் புகுந்து நடந்தேன். கொழுந்துக் கூடையோடு செங்குத்து மலையில் ஏறும் பெண்ணின் கால்கள் எனக்கும் வந்திருக்கின்றன. தட்டையான கரையில் மணிக்கூட்டுக்காரர்கள் பலரை நான் முந்திப் போவேன். நீர்க்காகங்கள் மரத்தில் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். மிச்சமான பஸ் காசு முட்டையாக மாறியது.

மாலையில் மார்க்கட். சரியான நேரத்துக்குப் போக வேண்டும். கடைக்காரர்கள் சாக்கை மடிக்கத் தொடங்கும் நேரம். காலையில் வெட்டிய கீரையை அடுத்த நாளைக்கு வைக்க முடியாது. வல்லாரை, பொன்னாங்கண்ணி, கங்குங், முருங்கை இலை, எல்லாம் அந்த நேரத்தில் ஒன்றுக்கு இரண்டு கட்டாகக் கிடைக்கும். அங்கே ஒரு முஸ்லிம் கடைக்காரர் எனக்குப் பழக்கமானார். நான் வாடிய கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு, “தண்ணில போட்டா எழும்பிரும் தங்கச்சி, ஆளுகளத்தான் எழுப்பேலாது” என்பார். அவர் சொன்னது சரி. அறைக்குப் போய் வாளித் தண்ணீரில் போட்டு, முகம் கழுவி, உடுப்பு மாற்றிவிட்டு வந்து பார்த்தால் வல்லாரை நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்க்கவே ஒரு சந்தோசம்.

சமையலுக்கு ஒரேயொரு அடுப்பு. கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிடுமோ என்ற பயம் எப்போதும் இருந்தது. அதனால் அடுப்பே வேண்டாத சாப்பாடாகப் பார்த்தேன். வல்லாரையை மெல்லிசாக அரிந்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்து, தேசிக்காய் பிழிந்தால் சம்பல். காலையில் ஊறப்போட்ட பயறு மாலைக்குள் பாதி வெந்தது போல் இருக்கும். ஒரு கொதியில் இறக்கிவிடலாம். நெத்தலியைத் தலையோடு வறுத்தேன். அறைத்தோழி தெல்தோட்டைக்குப் போய் வரும்போதெல்லாம் பலாக்காய் கொண்டு வருவாள். கொட்டையைச் சுட்டுத் தின்போம். வீட்டுக்காரரின் கொய்யா மரம் எங்கள் படிக்கட்டின் மேல் சாய்ந்திருந்தது. விழுந்த பழம் எங்களுக்கு என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சில பழங்கள் விழுவதற்கு நான் கொஞ்சம் உதவி செய்ததும் உண்டு.

அறைத்தோழி இதையெல்லாம் கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கண்டியில் இரண்டு கால் ஆடு ஒன்று வேலைக்குப் போகிறது என்று கடையில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள். பிறகு ஒரு நாள், பேசாமல் என் தட்டிலிருந்து வல்லாரைச் சம்பலை அள்ளித் தின்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்குமாகச் செய்தேன். அவளுடைய ரோல்ஸ் காசும் அடுப்புக்கு வந்தது.

எங்கள் அறையில் காசு கொடுக்காமல் கிடைத்த பொருள் ஒன்றே ஒன்றுதான். தேயிலைத் தூள். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மாதாமாதம் தூள் கொடுப்பார்கள். அம்மா தன் பங்கில் பாதியைக் கட்டி என்னிடம் கொடுத்துவிடுவார். பால்மா வாங்கக் காசில்லை என்பதால் எல்லா நேரமும் பிளேன்டீதான். காலைச் சாப்பாட்டோடு ஒரு கோப்பை, அலுவலகத்தில் சோற்றுப் பார்சலோடு பிளாஸ்கிலிருந்து ஒரு கோப்பை, இரவுச் சோறு முடிந்த கையோடு இன்னொன்று. எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அப்படித்தான். சோறு இறங்கியதும் தேத்தண்ணி இறங்காவிட்டால் சாப்பிட்டதாகவே இராது. ஆஸ்பத்திரியில் தந்த இரும்புக் குளிசையையும் சுடச்சுட அந்தத் தேத்தண்ணியோடுதான் விழுங்கினேன். சாப்பிட்ட பிறகு ஒன்று என்று சொன்னதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். எதோடு விழுங்குவது என்று கேட்கத் தோன்றவே இல்லை. தலைவலிக்குப் போடும் குளிசையோ காய்ச்சலுக்குப் போடுவதோ, எங்கள் வீட்டில் குளிசைக்குத் தேத்தண்ணிதான்.

அறைத்தோழிக்கு மட்டும் தேத்தண்ணி ஆகாது. குடித்தால் நெஞ்செரியும். அவள் சுடுதண்ணீர் குடிப்பாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து தேத்தண்ணி குடிக்காத ஒரே பிறவி நீதான் என்று நான் அவளைக் கேலி செய்வேன்.

முகாமுக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்போது, ஆஸ்பத்திரியில் மறுபடி இரத்தத்தைச் சோதித்தார்கள். முடிவை வாங்கப் போன அன்று வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு போனேன். பரிசு வாங்கப் போகிற மாதிரி ஒரு நினைப்பு. முடிவு எழுதிய துண்டில் இருந்த இலக்கம் பழைய இடத்திலேயே நின்றது. ஏறியது என்று சொல்வதற்குக்கூட வெட்கமான அளவு.

அத்தனை கீரை, அத்தனை பயறு, அத்தனை நடை. ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்று இரண்டு ரோல்ஸ் வாங்கி, நின்ற இடத்திலேயே தின்றேன். அறைக்கு வந்து துண்டைக் காட்டியபோது அறைத்தோழி முதலில் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிக்க வைக்கவாவது ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள் போலிருக்கிறது.

“ஆடுகூட இவ்வளவு தின்னுருந்தா இந்நேரம் மாடாயிருக்கும்டி. நீ தின்னதெல்லாம் எங்கதான் போகுது?”

அவள் விளையாட்டுக்குக் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சாப்பிட்டது நிஜம். உள்ளே போனது நிஜம். அப்படியானால் எங்கே போகிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முருங்கை இலை உருவி, வெங்காயம் வெட்டி, கத்தியைச் சட்டியோடு தொட்டியில் போட்டிருந்தேன். எங்கள் கத்தி சந்தையில் வாங்கிய இரும்புக் கத்தி. பளபளக்கும் வகை அல்ல. பிளாஸ்கில் மிஞ்சியிருந்த தேத்தண்ணியை அதே சட்டிக்குள் ஊற்றிவிட்டு உடுப்புத் துவைக்கப் போய்விட்டேன். மத்தியானம் வந்து கத்தியை எடுத்தால், கத்தி கறுப்பு. தண்ணீர் அதைவிடக் கறுப்பு. பேனா மையைக் கரைத்து ஊற்றியது போல இருந்தது.

துடைக்கப் பார்த்தேன். போகவில்லை. அப்போதுதான் அந்தக் கறுப்பை நான் ஏற்கெனவே அறிந்திருக்கிறேன் என்பது உறைத்தது. அது அப்பாவுடைய கவ்வாத்துக் கத்தியின் கறுப்பு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வரும் நாட்களில் அப்பாவின் கத்தி முழுவதும் இதே கறுப்பு ஏறியிருக்கும். தண்ணீர்ப் பீலிக்கரையில் குந்தியிருந்து, சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து எடுப்பார். தேயிலைச் சாற்றுக்கும் இரும்புக்கும் அப்படி ஒரு ஒட்டு.

சாதாரண தரப் பரீட்சைக்கு விஞ்ஞானம் படித்தவள் நான். ஒரு பொருள் இன்னொன்றோடு சேர்ந்து கரையாத மூன்றாவது பொருளாக மாறுவதைப் பாடமாக எழுதி, சரி போட்டு வாங்கியவள். சட்டிக்கு முன்னால் ஈரக் கையோடு நின்றேன். கத்தியில் இருக்கிற இரும்பைத் தேத்தண்ணி பிடித்து வைத்துக்கொண்டால், கீரையில் இருக்கிற இரும்பை விடுமா? குளிசையில் இருக்கிறதை விடுமா? என் வயிறும் இந்தச் சட்டிதானே?

“ஏய், எழும்பு. எழும்பி வா, இங்க வந்து பாரு” என்று கத்தியதில் அவள் கரப்பான்பூச்சி என்று நினைத்துத் தும்புத்தடியோடு வந்தாள். நான் கத்தியைக் காட்டினேன். அப்பாவின் கத்தியைச் சொன்னேன். கீரை, குளிசை, பிளாஸ்க் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அவள் தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, மெதுவாகத் தன் நெஞ்சில் கை வைத்தாள்.

“அப்ப எனக்கு நெஞ்செரிஞ்சது நல்லதுக்குத்தானா?”

இரண்டு பேரும் அந்தக் கறுப்புத் தண்ணீரைப் பார்த்தபடி சிரித்தோம். காசு கொடுத்து வாங்கியதையெல்லாம் இத்தனை நாளாகத் தின்றுகொண்டிருந்தது, காசு கொடுக்காமல் வந்த அந்த ஒரே பொருள். ஆரோக்கியத்துக்கென்று நான் காசு கொடுத்து வாங்கியதும் தேயிலைதானே என்று கிரீன் டீ பெட்டியின் நினைவு அப்போதுதான் வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

என் ஊகத்தை நானே நம்பி நடக்கப் பயமாகவும் இருந்தது. அலுவலகத்தில் அரை நாள் லீவு கேட்டு மறுபடி ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். அங்கிருந்த டொக்டரிடம் கத்தி விசயத்தைச் சொன்னபோது அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சரியாகத்தான் பிடித்திருக்கிறாய் என்றார். தேநீர் கெட்டதல்ல, சாப்பாட்டோடும் குளிசையோடும் சேர்க்காதே, முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலமாவது தள்ளி வை, குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு போடு என்றார். நீ எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்றும் கேட்டார். தோட்டப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னபோது என் குரல் தேவைக்கு அதிகமாகவே உரத்திருந்தது; பக்கத்து வரிசை திரும்பிப் பார்த்தது.

புதிதாக எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கொண்டாட்டம். அதே கீரை, அதே பயறு, அதே தேத்தண்ணி. நேரத்தை மட்டும் மாற்ற வேண்டும். முதல் சில நாட்கள், சோறு சாப்பிட்ட வாய் தேத்தண்ணிக்கு அழுதது. அலுவலகத்தில் பிளாஸ்க்கை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பின்நேரம் திறந்து குடிக்கும்போது அந்த ஒரு கோப்பை முன்பைவிட ருசித்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். ஹேவாஹெட்ட பஸ்ஸை விட்டு இறங்கி, குறுக்குப் பாதையில் ஏறி லயத்துக்குப் போனபோது அம்மா சோறு போட்டு வைத்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வழக்கம்போலத் தேத்தண்ணிக் கோப்பை பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நான் அதைத் தள்ளி வைத்தேன். எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் நீட்டிய தேத்தண்ணியைத் தள்ளி வைப்பது, அந்த வீட்டோடு சண்டை என்று சொல்வதற்குச் சமம். அம்மா கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஏன், கண்டித் தண்ணி குடிச்ச வாய்க்கு எங்க தேத்தண்ணி எறங்காதோ?”

“இல்லம்மா. கொஞ்சம் நேரஞ்செண்டு குடிக்கிறேன்.”

“ஆறிப்போனத நாயும் குடிக்காது.”

நான் சொல்லத் தொடங்கினேன். நீலத் தண்ணீர், மிதந்த துளி, அறைத்தோழியின் பிஸ்கட், கறுத்துப்போன கத்தி. இரத்தம் கொடுக்கப் போய்த் திரும்பி வந்ததை அதுவரை நான் வீட்டில் சொல்லவில்லை. எதற்காகக் கொடுக்கப் போனேன் என்று சொன்ன இடத்தில் அம்மா வேலையை நிறுத்திவிட்டார். அப்பா எழுந்து போய், கூரைச் சந்தில் செருகியிருந்த தன் கவ்வாத்துக் கத்தியை எடுத்து வந்து, அதன் கறுப்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் நீட்டினார். அம்மா கத்தியை வாங்காமல் தன் விரல்களை விரித்துப் பார்த்தார். கொழுந்து பறித்துப் பறித்து நுனியெல்லாம் அதே கறுப்பு.

“எனக்கு மலையில ஏறக்குள்ள தல சுத்துறதும் இதுனாலதானோ?” என்றார் கடைசியில்.

இருக்கலாம், சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

“போ புள்ள. நான் புடுங்குன கொழுந்து என் ரத்தத்தையே புடிச்சிக்கிருச்சா” என்று சொல்லிவிட்டு, எனக்கு வைத்த கோப்பையை எடுத்து அவரே குடித்தார். தனக்கு ஒன்றும் புரியாதது போல முகத்தை வைத்துக்கொண்டார். எனக்கு அந்த முகம் தெரியும். எல்லாம் புரிந்துவிட்ட முகம் அது.

அடுத்த முறை நான் போனபோது எங்கள் வீட்டில் தேத்தண்ணி நேரம் மாறியிருந்தது. அது மட்டுமில்லை. மலைக்குப் போகும் பெண்களுக்கெல்லாம் அம்மா இதை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார், தானே கண்டுபிடித்தது மாதிரி. கத்தியைத் தேத்தண்ணியில் போட்டால் கரைந்தே போய்விடும் என்று கொஞ்சம் சேர்த்தும் சொன்னாராம். நான் திருத்தப் போகவில்லை.

முகாம் நாள் காலையில் அம்மா முதல் பஸ்ஸில் கண்டிக்கு வந்துவிட்டார். வரச் சொல்லி நான் கேட்கவில்லை. தலையில் பூ, கையில் ஒரு பை. பைக்குள் அவித்த பயறு. அறைத்தோழி அவரைக் கண்டதும், இந்த ஆட்டுக்கு நீங்கதான் சொந்தக்காரியா என்று கேட்டாள். அம்மாவுக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. மூன்று பேருமாக அம்பிட்டிய வீதியில் இறங்கினோம். நான் பயத்தில் பயற்றைக் கை கையாக அள்ளித் தின்றுகொண்டே நடந்தேன். கடைசி நிமிடத்தில் தின்பது இரத்தத்தில் ஏறாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தின்றேன்.

மண்டபத்தில் அதே மேசை, அதே நீலத் தண்ணீர். அறைத்தோழி அன்றும் பெயர் கொடுத்துவிட்டு எனக்குப் பின்னால் நின்றாள். அம்மாவுக்கு வரிசையில் இடமில்லை. ஆனாலும் மேசைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார். தாதி அவரைத் தள்ளி நிற்கச் சொல்ல வாயெடுத்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். விரலைக் குத்தினார்கள். பிதுக்கினார்கள். துளி கண்ணாடிக் குழாயின் நுனியில் தொங்கியது, விழுந்தது.

இறங்கியது. நடுவில், போன முறை நின்ற இடத்தில், கொஞ்சம் தயங்கியது போல எனக்குத் தெரிந்தது. அம்மாவின் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது. துளி தயங்கவில்லை, நான்தான் தயங்கியிருக்கிறேன். அது நேரே இறங்கி அடியில் போய், மற்றவர்களின் துளிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

தாதி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவருக்கு அது ஒரு துளி. எனக்கோ, எந்தப் பரீட்சை முடிவையும் விட அது பெரிது. “நல்லா பாத்தீங்களா, மூழ்கிருச்சா?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

நான் கட்டிலில் படுத்திருந்தபோது அம்மா பக்கத்தில் நின்று, இரத்தப் பை நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை மட்டும் குனிந்து, பை சூடாக இருக்குமா என்று கேட்டார். தொட்டுப் பார்க்கலாமா என்று தாதியிடம் கையால் கேட்டு, விரலின் பின்புறத்தால் மெதுவாகத் தொட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய அந்தப் பையையும் இப்படி ஒருத்தி நிறைத்திருப்பாள் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

எழும்பி வந்ததும், பன்சலை ஆட்கள் எங்களை ஒரு நீளமான மேசைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார்கள். தட்டில் அவித்த கடலை, பிஸ்கட், ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. கடலையைக் கை நிறைய அள்ளினேன். அறைத்தோழி இன்னும் கட்டிலில் படுத்துக்கொண்டு, எனக்கு மிச்சம் வை என்று தூரத்திலிருந்தே கையைக் காட்டினாள். ஒரு பெரியவர் தட்டத்தோடு வந்து, ஆவி பறக்க ஒரு கோப்பை பிளேன்டீயை என் முன்னால் வைத்தார். நீண்ட நேரம் படுத்திருந்த களைப்பில் என் கை தானாக அதை நோக்கிப் போனது.

அதற்கு முன் அம்மாவின் கை போய்விட்டது.

“கடலயத் தின்னு முடிச்சு ஒரு மணித்தியாலம் ஆகட்டும்” என்று சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டார்.

நீங்களும்தானே சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

“நான் தின்னது பிஸ்கட்டு. அதுல என்னா இரும்பு கெடக்கு” என்றார், இரண்டாவது மிடறு குடித்துக்கொண்டே.